ஏழா கிழிச்ச நாவல்

எங்க வார்டனுக்குப் பிள்ளைங்க வெச்ச பேரு சாவி. நேருக்கு நேரா மேடம்னுதான் கூப்பிடுவாங்க, முதுகு திரும்பினா சாவி. இடுப்புல ஒரு கொத்து தொங்கும். கேட்டு சாவி, ஸ்டோர் சாவி, மொட்டை மாடி சாவி, செல்போன் பீரோ சாவி, இன்னும் எந்தப் பூட்டுக்குன்னு அவங்களுக்கே தெரியாத நாலஞ்சு. அவங்க கீழ வராந்தாவுல ஒரு அடி எடுத்து வெச்சா மூணாவது மாடியில கேட்கும்.

நான் அந்த விடுதியில சமையல்காரி. வந்த புதுசுல எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எரிச்சலா வரும். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கற ஆளும் நான் இல்ல. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"ஏன்கா, ரூம் சோதனைக்குப் போறீங்க, சரி. இப்படி மேளம் அடிச்சிக்கிட்டுப் போனா எவ மாட்டுவா? சாவியைக் கையில பிடிச்சிக்கிட்டுப் போனா என்ன?"

அவங்க காலை வெந்நீர் வாளியில விட்டுட்டு உக்காந்திருந்தாங்க. தினம் மத்தியானம் என் கிச்சன்ல அதுதான் அவங்களுக்கு ஓய்வு. குதிகால் ரெண்டும் வெடிச்சுப் பாளம் பாளமா இருக்கும்.

"மாட்டணும்னு யாரு போறா?" அப்படின்னாங்க. "சத்தம் கேட்டா ஒளிச்சி வெச்சிருவாங்க. ஒளிச்சிட்டா என் கண்ணுல படாது. படலேன்னா திட்ட வேண்டாம், எழுதி வெக்க வேண்டாம், அவ அப்பனைக் கூப்பிட்டு அவன் கத்தறதைக் கேட்க வேண்டாம். எனக்கு முடியலம்மா."

எனக்கு முடியலம்மா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த வார்த்தையைச் சொல்வாங்களோ. மோட்டார் ஓடலேன்னாலும் அதுதான், ஓடிக்கிட்டே இருந்தாலும் அதுதான். கல்யாணம் ஆனவங்க. வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். அவரு ரோட்டுல, இவங்க விடுதியில, அப்படியே காலம் போயிடுச்சு. இப்ப அவருக்குக் கண்ணு மங்கிப்போய் தம்பி வீட்டுல இருக்கார். பிள்ளை குட்டி கிடையாது. ரிட்டயர் ஆனதும் ரெண்டு ரூமும் ஒரு சமையலறையும் இருக்கற வீடா பாத்து ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. சேர்ந்தாப்புல ஒரு மாசம் ஒரே கூரைக்கு அடியில இருந்ததில்லயாம். "ஒத்துப்போகுமோ என்னவோ, யாரு கண்டா"ன்னு சிரிப்பாங்க. சிரிக்கறதுக்குள்ளேயே களைப்பு வந்துடும்.

அவங்க ரூம் கேட்டை ஒட்டி இருக்கு. ஒரு இரும்புக் கட்டில், கேட்டைப் பாத்த ஜன்னல், பழைய துண்டை மடிச்சுப் போட்ட ஒரு நாற்காலி. அப்புறம் அந்தப் பீரோ. பிள்ளைங்க போன் எல்லாம் ஆளுக்கு ஒரு துணிப் பையில போட்டு, மேல ரூம் நம்பர் ஒட்டி, அதுக்குள்ளதான் இருக்கும். சனிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்குக் கையில குடுத்து வெளிய விடுவாங்க. கடைத்தெருவுக்குப் போய்ட்டு இருட்டறதுக்குள்ள திரும்பிடணும், போனைத் திரும்ப ஒப்படைக்கணும்.

அந்த வருஷம் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னாடி பெரிய மேடம், அதான் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, ஒரு உத்தரவு போட்டாங்க. பரீட்சை முடியற வரைக்கும் எந்த ரூம்லயும் கதைப் புத்தகம் இருக்கக் கூடாது. உத்தரவு போட்ட அதே வாரம் குருவி ஒரு நாவலை உள்ள கொண்டுவந்துட்டா.

குருவின்னா கடைசி வகுப்புப் பொண்ணு. ஒல்லியா, படபடன்னு இருப்பா. தலையை இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. அம்மா இல்ல. அப்பா எங்கேயோ தூரத்துல வேலை. பெரியம்மா வீட்டுல வளர்ந்தவ. மத்த பிள்ளைங்களைப் பாக்க மாசா மாசம் ஆளு வரும், இவளைப் பாக்க யாரும் வந்து நான் பாத்ததில்ல. அந்த நாள்ல என் கிச்சனுக்கு வந்து, "அக்கா, வெங்காயம் உரிக்கவா?"ன்னு நிப்பா. கண்ணுல தண்ணி வர்றதுக்கு ஒரு சாக்கு வேணும்ல.

ஒரு புத்தகம், நாப்பது பொண்ணுங்க. ஒவ்வொருத்தியா படிச்சா பரீட்சை முடிஞ்சு அடுத்த பரீட்சையே வந்துடும். அதனால குருவி என்ன பண்ணா தெரியுமா? அத்தியாயம் முடியற இடத்துல மடிச்சு, இரும்பு ஸ்கேலை அழுத்தி வெச்சு, ஓரம் பிசிறு இல்லாம ஏழு துண்டா கிழிச்சிட்டா. ஒவ்வொண்ணுக்கும் பாடப் புத்தகம் மாதிரி பழுப்பு அட்டை. மேல இயற்பியல் ஒண்ணு, இயற்பியல் ரெண்டுன்னு எழுத்து. ஒண்ணு முடிக்காம ரெண்டைத் தொடக் கூடாது, முன்னாடி போயி முடிவைப் பாத்தவளுக்கு அதோட பங்கு கிடையாது. சட்டம்னா சட்டம். பெரிய மேடத்தோட உத்தரவுக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது.

இயற்பியல் மூணு என் உருளைக்கிழங்கு மூட்டைக்குள்ள இருந்துச்சு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. படிக்கறது இருக்கட்டும், ஒளிச்சு வெக்க என் மூட்டைதான் கிடைச்சுதா? கொண்டுபோய் வார்டன் மடியில போட்டேன். அவங்க வேண்டாவெறுப்பா புரட்டினாங்க. ரெண்டு பக்கம் படிச்சதும் நிமிர்ந்து உக்காந்தாங்க.

"ஏம்மா, இது நம்ம கப்பல் நாடகம்ல?"

கப்பல் நாடகம் யாருக்குத்தான் தெரியாது? அந்தக் காலத்துப் பாட்டு நாடகம். லீவு நாள்ல டி.வி.யில போடுவான், பள்ளிக்கூட விழாவுல பிள்ளைங்க ஆடும். துறைமுகத்துல தங்கும் விடுதி நடத்தற அம்மாவோட பொண்ணு. ரிப்பேருக்கு வந்து நிக்கற கப்பல்ல பாட்டுக்காரன் ஒருத்தன். ரெண்டு பேருக்கும் காதல். கப்பல் கிளம்பறப்ப மூணு தடவை ஊதும். முதல் ஊதலுக்கு அவ துணியை மூட்டை கட்டுவா, ரெண்டாவதுக்கு மாடிப்படி இறங்குவா, மூணாவதுக்கு விடுதிச் சாவியை மேசை மேல வெச்சிட்டுப் பாடிக்கிட்டே ஓடிடுவா. அவ்வளவுதான் கதை. பாட்டுதான் அதுல எல்லாம்.

அதைத்தான் இந்த நாவல்ல இந்தக் காலத்துக்கு மாத்தியிருந்தாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல லாட்ஜ் நடத்தற அம்மா, பள்ளிக்கூடம் படிக்கற பொண்ணு, வேன்ல ஊர் ஊரா போயி வாசிக்கற இசைக்குழுப் பையன். கப்பல் ஊதலுக்குப் பதிலா மூணு மிஸ்டு கால்னு ஆறாவது பாகத்துலயே ரெண்டு பேரும் பேசி வெச்சிக்குவாங்க.

"எங்க பள்ளிக்கூடத்துல இதைப் போட்டாங்க," அப்படின்னாங்க வார்டன். "நான் குண்டா இருப்பேன், கையில பலம். திரை இழுக்கப் போட்டுட்டாங்க. பாட்டு முடியறப்ப கயிறைப் பிடிச்சு இழுக்கணும். திரை மூடின மறு நிமிஷம் அந்தப் பொண்ணா நடிச்சவ தரையில உக்காந்து, கால் வலிக்குதுடின்னு ஷூவைக் கழட்டுவா. எனக்கு எப்பவும் ஒரே யோசனை. கப்பல்ல ஏறினாளே, அப்புறம் என்ன ஆனா? டீச்சர்கிட்ட கேட்டேன். அதான் திரை மூடியாச்சேன்னாங்க."

அன்னைக்கு வாளித் தண்ணி ஆறினதுகூடத் தெரியாம படிச்சாங்க. படிச்சு முடிச்சிட்டு, மூட்டையில எந்த இடத்துல இருந்துச்சோ அங்கேயே திரும்ப வெக்கச் சொன்னாங்க. நான் திகைச்சுப் போய்ட்டேன்.

அதுக்கப்புறம் நடந்ததை நினைச்சா இன்னும் சிரிப்பு வருது. ஒண்ணும் ரெண்டும் துணி காயப்போடற இடத்துல கிடைச்சுது, நாலு குளியலறை ஜன்னல்ல. எல்லாம் படிச்சிட்டுத் திரும்ப வெச்சாச்சு. அஞ்சு மட்டும் கிடைக்கவே இல்ல. ரெண்டு நாளா அவங்களுக்கு இருப்புக் கொள்ளல. "நாலுல அந்த அம்மாக்காரிக்கு விஷயம் தெரிஞ்சிடுச்சும்மா, அப்படியே விட்டுட்டாங்க"ன்னு என்கிட்ட வந்து புலம்பறாங்க. "நீங்கதான் வார்டன், போய்ப் பிடிங்க"ன்னேன். அன்னைக்கு முதல் தடவையா சாவிக்கொத்தைத் துண்டுல சுத்திக்கிட்டு, பூனை மாதிரி மாடி ஏறிப் போனாங்க. அஞ்சும் ஆறும் ஒரே நாள்ல கையும் களவுமா மாட்டிச்சு. பிடிபட்ட பொண்ணு அழுதுச்சாம். "நாளைக்குத் தர்றேன், அழாதே"ன்னு சொல்லிட்டு வந்தாங்களாம். எந்த ஊர்லயாவது இப்படி ஒரு வார்டன் உண்டா?

ஏழுதான் வம்பாயிடுச்சு. கடைசிப் பாகம். வரிசைப்படி முதல்ல படிக்க வேண்டியவ குருவி. அன்னைக்குன்னு பெரிய மேடம் விடுதியைப் பாக்க வந்துட்டாங்க. சாவிச் சத்தம் அவங்களுக்குத் தலைவலியாம். அதனால வார்டன் கொத்தைக் கைக்குள்ள இறுக்கிப் பிடிச்சிக்கிட்டுக் கூடவே போனாங்க. சத்தமே இல்ல. குருவி அட்டையைத் திறந்து முதல் வரியில கண்ணை வெக்கறதுக்குள்ள பெரிய மேடம் எதிர்ல நின்னாச்சு. "இதைப் பீரோவுல வெச்சுப் பூட்டுங்க. பரீட்சை முடிஞ்சப்புறம் பேசிக்கலாம்." அவ்வளவுதான், ஏழு உள்ள போயிடுச்சு. நாப்பது பொண்ணுங்கள்ல ஒருத்திகூட முடிவைப் படிக்கல. ஆனா எல்லாருக்கும் முடிவு தெரியும், கப்பல் நாடகம் தெரியாதவ யாரு? சாவியை வெச்சிட்டு ஓடிடுவா.

மறுநாள் மத்தியானம் வார்டன் ஏழைப் படிச்சாங்க. முடிச்சிட்டு வெறுமனே அடுப்பையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"என்னக்கா, ஓடிட்டாளா?"

"ஓடிட்டா."

"அதான் தெரிஞ்சதாச்சே."

"அதுக்கப்புறமும் எழுதியிருக்காங்கம்மா. திரை மூடல." அதுக்கு மேல வாயைப் பிடுங்கிப் பாத்தேன், ஒண்ணும் வரல.

இந்த இடத்துல போட்டோ ஸ்டுடியோக்காரனைச் சொல்லியாகணும். பரீட்சை அனுமதிச் சீட்டுக்குப் படம் எடுக்க வந்தவன். இருபது இருபத்தொண்ணு வயசு இருக்கும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரு தடவை எடுத்தான். குருவிக்கு மட்டும் கண்ணை மூடிட்டியேன்னு சொல்லி மூணு தடவை எடுத்தான். அப்பவே எனக்கு மூக்குல வேர்த்திருக்கணும். பருப்புல கல் பொறுக்கத் தெரிஞ்ச எனக்கு இது தெரியாம போச்சு. அப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமை குருவி கடைத்தெருவுல ஸ்டுடியோ பக்கமே சுத்தினதெல்லாம் பின்னாலதான் தெரிய வந்துச்சு.

பரீட்சை திங்கக்கிழமை ஆரம்பம். அதுக்கு முந்தின சனிக்கிழமை, சாப்பாடு முடிஞ்சு நான் ஸ்டோர் சாவி வாங்க வார்டன் ரூமுக்குப் போனேன். பீரோவுக்குள்ள ஒரு போன் ஒரே ஒரு தடவை அடிச்சு நின்னுச்சு. வார்டன் திறந்து பாத்தாங்க. குருவியோட பை. திரையில ஸ்டுடியோன்னு இருந்துச்சு.

அவங்க முகம் மாறிடுச்சு. "ஒண்ணு"ன்னாங்க மெதுவா.

எனக்கு அப்பதான் பளிச்சுன்னு எல்லாம் சேர்ந்துச்சு. காலையில குருவி அவ தட்டைக் கழுவித் துடைச்சு என்கிட்ட ஒப்படைச்சா. எங்க விடுதியில தட்டைத் திரும்பக் குடுக்கறது ஒரே ஒரு தடவைதான், ரூமைக் காலி பண்ணிட்டுப் போறப்ப. நெளிஞ்சிருக்கு, வேற தாங்கக்கான்னா. பசிக்குதுன்னு ரொட்டி வேற ரெண்டு பங்கு வாங்கிக்கிட்டா. இன்னைக்காவது வயிறாரச் சாப்பிடறாளேன்னு முட்டாள் மாதிரி சந்தோஷப்பட்டேன்.

"அவனுக்கு அவசரம், நாலு மணிகூட ஆகல," அப்படின்னாங்க வார்டன். "நாவல்ல பொண்ணு கையில போன் இருக்கும். இங்க என் பீரோவுல இருக்கும்னு ரெண்டும் யோசிக்கல பாரு."

"யோசிச்சிக்கிட்டு நிக்காதீங்க. பெரிய மேடத்துக்குச் சொல்லுங்க. கேட்டை இழுத்துப் பூட்டுங்க."

"சொன்னா டி.சி.யைக் கிழிச்சுக் கையில குடுத்துடுவாங்க. பரீட்சை போச்சு. பெரியம்மா வீட்டுக்கா போவா? நேரா அவன்கிட்டதான் போவா. பூட்டினா இன்னைக்கு நிப்பா, அடுத்த சனிக்கிழமை போவா. இல்ல, மொட்டை மாடியிலேர்ந்து குழாயைப் பிடிச்சு இறங்குவா." கண்ணை மூடி நெத்தியைத் தேய்ச்சாங்க. "போறது கூட இருக்கட்டும்மா. திங்கக்கிழமை பரீட்சையை எழுதிட்டா அவளுக்குன்னு ஒண்ணு இருக்கும். அதுக்கு முன்னாடி போனா அவ கையில ஒண்ணுமே இல்ல. நீ அவளைக் கிச்சனுக்குக் கூப்பிடு. நான் வர்றேன்."

கூப்பிட்டேன். குருவி நல்ல துணி போட்டு, தலையை இறுக்கி வாரியிருந்தா. தோள்ல பை. கொஞ்ச நேரம் கழிச்சு வார்டன் வந்தாங்க. ஒரு கையில குருவியோட போன் இருக்கற துணிப் பை, இன்னொரு கையில இயற்பியல் ஏழு. ரெண்டையும் கிழங்கு நறுக்கற மேசை மேல வெச்சாங்க.

"உக்காரு. இதைப் படி. படிச்சிட்டுப் போறதுன்னா போ. கேட்டு திறந்துதான் இருக்கு."

குருவி முகத்துல ரத்தமே இல்ல. "எதுக்கு மேடம்?"

"முதல் கால் வந்துடுச்சு. ரெண்டாவதுக்கு நேரம் இருக்கு."

அந்தப் பொண்ணு அப்படியே நாற்காலியில உக்காந்துட்டா. எனக்கு வார்டன் மேல வந்த ஆத்திரத்துல கத்தியைத் தூக்கி எறியணும் போல இருந்துச்சு. போறவளை நிறுத்தச் சொன்னா கதை படிக்கக் குடுக்கறாங்களே, புத்தி பிசகிடுச்சான்னு நினைச்சேன். ஆனா அவங்க என் பக்கத்துல உக்காந்து ஒரு கிழங்கை எடுத்துத் தோல் சீவ ஆரம்பிச்சாங்க. தோலோட பாதிக் கிழங்கும் போச்சு.

அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும், ஆனா இப்பவே சொல்லிடறேன். பொண்ணு லாட்ஜ் சாவியை மேசையில வெச்சிட்டு வேன்ல ஏறிடறா. எல்லாரும் பாடறாங்க. நாடகம் அதோட முடிஞ்சிடும். நாவல்ல விடியுது. வேன் ஏதோ ஒரு தெரியாத ஊர்ல நிக்குது. அவன் தூங்கறான், மத்தவங்களும் தூங்கறாங்க. அவளுக்குக் கக்கூஸ் போகணும், எங்க போறதுன்னு தெரியல, யாரைக் கேட்கறதுன்னும் தெரியல. இறங்கி நின்னு அம்மாவுக்குப் போன் போடறா. அம்மா ஹலோங்கறாங்க. இவ பேசல. அம்மாவுக்குப் புரிஞ்சிடுது. "சாப்பிட்டியா?"ன்னு கேட்கறாங்க. இவ போனைக் காதுல வெச்சிக்கிட்டு ரோட்டு ஓரத்துல நிக்கறா. அவ்வளவுதான், பக்கம் முடிஞ்சுது.

குருவி படிச்சா. நடுவுல ரெண்டாவது கால் வந்து நின்னுச்சு, அவ நிமிரல. கடைசிப் பக்கத்தைத் திருப்பினா. அடுத்த பக்கம் இல்ல. புத்தகத்தோட ஓரத்தை விரலால மேலேர்ந்து கீழ வரைக்கும் தடவினா. அப்புறம் வார்டனைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அவங்க கிழங்கை விட்டுக் கண்ணை எடுக்கல.

மூணாவது கால் அடிச்சுது. நாவல்ல வர்ற பொண்ணு எடுக்க மாட்டா. இவ எடுத்துட்டா.

"நைட்டு எங்க தங்கறோம்?" அப்படின்னு கேட்டா. கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு இருந்தா. "பாத்துக்கலாமா? சரி. திங்கக்கிழமை பரீட்சைக்கு நான் எப்படி வர்றது?" மறுபடி கேட்டா. "அதுவும் பாத்துக்கலாமா?"

வேன் சத்தமோ வண்டிச் சத்தமோ போனுக்குள்ள இரைஞ்சுது. "நீங்க போங்க"ன்னா. அவ குரல் உடையவே இல்ல. போனை அணைச்சு, துணிப் பைக்குள்ள போட்டு, முடிச்சுப் போட்டு வார்டன்கிட்ட நீட்டினா.

அப்புறம் என்கிட்ட திரும்பி, "என் தட்டைக் குடுங்கக்கா"ன்னா.

எடுத்துக் குடுத்தேன். அதை நெஞ்சோட பிடிச்சிக்கிட்டு மேசையில தலையைக் கவுத்து அழுதா பாருங்க, எனக்குப் பெத்த வயிறு எரிஞ்ச மாதிரி எரிஞ்சுது. வார்டன் அவ தலையில கை வெக்கப் போயிட்டு, வெக்காம, சாவிக்கொத்தைத் தூக்கிக்கிட்டு வெளிய போய்ட்டாங்க. நாலு மணி. மத்த பிள்ளைங்களுக்குப் போன் குடுக்கணும்ல.

அன்னைக்குச் சாயந்திரம் பால் காய்ச்ச அடுப்பைப் பத்த வெச்சேன். வார்டன் வந்து ரவிக்கைக்குள்ளேர்ந்து மடிச்ச காகிதம் ரெண்டை எடுத்துத் தீயில போட்டாங்க. அச்சடிச்ச தாள்.

"என்னக்கா அது?"

"முடிவு."

"அவன் முழிச்சிக்கறான்," அப்படின்னாங்க தீயைப் பாத்துக்கிட்டே. "டீ வாங்கிட்டு வந்து குடுக்கறான். அவங்க அத்தை வீட்டுல ஏற்கனவே சொல்லி வெச்சிருக்கான். அம்மாக்காரி அந்த லாட்ஜ் சாவியை எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ல வந்து சேர்றாங்க. பொண்ணு அங்கேயே படிக்கறா. எல்லாரும் கடைசியில பாடறாங்க. ரெண்டே தாள்ல எல்லாம் சரியாயிடுது. அவளைக் கூப்பிட உன்னை அனுப்பிட்டு, பீரோ முன்னாடியே நின்னு கிழிச்சேன். அந்த வயசுல திரை இழுத்தவதானே, கொஞ்சம் முன்னாடியே இழுத்துட்டேன்."

"நல்ல காரியம்தான் பண்ணீங்க."

"தெரியலம்மா. அந்தப் பையன் நிஜமாவே நல்லவனா இருந்தா? அவளுக்கும் அப்படி ஒரு அத்தை வீடு கிடைச்சிருக்குமோ என்னவோ. நான் ஏமாத்திதானே நிறுத்தினேன்." வாளியை இழுத்துப் போட்டுக் காலை விட்டாங்க. தண்ணி ஊத்தலைங்கறதைக்கூடப் பாக்கல. "எனக்கு முடியலம்மா."

அதுக்கப்புறம் குருவி அவங்ககிட்ட பேசறதை நிறுத்திட்டா. எஸ் மேடம், நோ மேடம், அவ்வளவுதான். எதிர்ல வந்தா தலையைக் குனிஞ்சிக்கிட்டுப் போயிடுவா. வார்டனுக்கு அது உள்ளுக்குள்ள அறுத்துச்சு. சாப்பாடு இறங்கல. நான் திட்டித் திட்டி ரெண்டு வாய் ஊட்டாத குறையா போட வேண்டியிருந்துச்சு. ஏழாவது பாகம் எப்படியோ மாடிக்குப் போயி எல்லாரும் படிச்சாங்க. என்னடி இப்படி மொட்டையா முடியுதுன்னு ஒரே சலசலப்பு. "இப்பெல்லாம் இப்படித்தான் எழுதறாங்க. புரியாதவளுங்க வாயை மூடுங்க"ன்னு குருவி அதட்டினாளாம். சின்ன வகுப்புப் பொண்ணு ஒருத்தி வந்து என்கிட்ட சொன்னா. எனக்கு அப்பவும் ஒண்ணும் தோணல.

பரீட்சை எல்லாம் முடிஞ்சு காலி பண்ற நாள் வந்துச்சு. படிக்கட்டு முழுக்கப் பெட்டி, பக்கெட்டு, தலையணை. கேட்டுக்கு உள்ள ஷேர் வேன் ஒண்ணு நின்னு கத்திக்கிட்டு இருந்துச்சு, நாலஞ்சு பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போக. குருவி என்கிட்ட தட்டைக் குடுத்தா. இந்தத் தடவை நிஜமா. அப்புறம், "நீங்களும் வாங்கக்கா"ன்னு வார்டன் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனா.

பைக்குள்ளேர்ந்து நாவலை எடுத்து அவங்க மேசையில வெச்சா. ஏழு துண்டையும் சேர்த்துக் கெட்டி நூலால தைச்சிருந்தா.

"இது உங்களுக்கு மேடம்."

வார்டன் கையே நீட்டல. "எதுக்கும்மா எனக்கு?"

குருவி பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினா. "இதோ, இதெல்லாம் நான் கிழிச்சது. ஸ்கேல் வெச்சு. கோடு போட்ட மாதிரி இருக்குல்ல? இந்தக் கடைசியைப் பாருங்க. பிசிறு பிசிறா இருக்கு. இது கையால கிழிச்சது."

நான் கதவைப் பிடிச்சிக்கிட்டேன்.

"எப்ப பாத்த?" அப்படின்னாங்க வார்டன்.

"அன்னைக்கேதான். கடைசிப் பக்கத்தைத் திருப்பினதுமே."

"அப்ப முடிவு வேற இருக்குன்னு தெரியும் உனக்கு."

"நல்லபடியா முடிஞ்சிருக்கும்னும் தெரியும். இல்லேன்னா எதுக்குக் கிழிக்கப் போறீங்க?"

"அப்புறம் ஏன்டி போகல?"

குருவி தலையை ஒரு வெட்டு வெட்டி ஜன்னல் பக்கம் பாத்தா. சிரிக்கப் பாத்தா, வாய் கோணிக்கிச்சு.

"எனக்காக இதுவரைக்கும் யாரும் ஒரு திருட்டுத்தனம் பண்ணதில்ல மேடம்."

வார்டன் அந்தப் புத்தகத்தை எடுத்து அந்தப் பிசிறைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. அவங்க அழுது அன்னைக்குத்தான் பாத்தேன். இத்தனை வருஷத்துக் களைப்பும் அப்படியே வழிஞ்சு வந்துச்சு, துடைக்கக்கூட இல்ல.

வெளிய வேன்காரன் ஹாரன் அடிச்சான்.

"எனக்குக் கோபம் இல்லேன்னு இல்ல," அப்படின்னா குருவி. "நிறைய நாள் கோபமாதான் இருந்தேன். எப்படி முடிஞ்சுதுன்னு மட்டும் சொல்லிடுங்க. கடையில போயி வாங்கிப் படிக்க எனக்கு இஷ்டமில்ல."

வார்டன் இடுப்புலேர்ந்து சாவிக்கொத்தைக் கழட்டினாங்க. நான் பாத்து அவங்க அதை இன்னொருத்தர் கையில குடுத்ததே இல்ல. என் உள்ளங்கையில வெச்சாங்க, ஒரு படி அரிசி கனம் இருந்துச்சு.

"நீ போய்க் கேட்டைப் பாத்துக்கம்மா. உக்காருடி, சொல்றேன்."

கேட்டுகிட்ட நின்னு ஜன்னல் வழியா பாத்தேன். அவங்க கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கிட்டு இருக்காங்க, குருவி அந்தத் துண்டு மடிச்ச நாற்காலியில உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கா. வேன்காரன் ரெண்டாவது தடவை அடிச்சான். நேரமாகுதும்மா, அந்தப் பொண்ணு வருதா இல்லையான்னு என்கிட்ட கத்தினான். மூணாவது தடவைக்குக் கையைத் தூக்கறதைப் பாத்தேன். அடிச்சா அடிச்சிக்கட்டும்னு கொத்துல சாவியைத் தேடி எடுத்து நான் கேட்டைப் பூட்டினேன்.